மூடி உடைபடாத பெப்டைடுக் குப்பி குறித்து

பெயர், கணவர் பெயர், கதவு எண், தெரு எல்லாவற்றையும் நிலைய எழுத்தர் முதல் தாளிலேயே எழுதிக்கொண்டார். வயது நாற்பத்து மூன்று. உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவள். மருத்துவமனையோடு சேர்ந்த ஆராய்ச்சிக்கூடத்தில் திசுக்களுக்குச் சாயம் ஏற்றும் பிரிவின் பொறுப்பாளராக ஓராண்டுக்கும் மேலாக வேலை பார்க்கிறேன். இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் கிடையாது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுகிறார். அவர் நடையில் சில இடங்கள் எனக்குப் பிடிக்காமல் திருத்தச் சொன்னேன், முகம் சுளித்துக்கொண்டே திருத்தினார்.

என் மீதான புகாரை உதவி ஆய்வாளர் படித்துக் காட்டினார். ஆய்வகத்துக்குச் சொந்தமான குப்பி ஒன்றைத் திறந்து பாழாக்கினேன் என்றும், நோயாளிகளின் திசுக்களை அனுமதியில்லாமல் எடுத்துப் பயன்படுத்தினேன் என்றும், ஆய்வகத் தலைவரின் தலையில் ஆபத்தான ரசாயனத்தை ஊற்றினேன் என்றும் அதில் கண்டிருக்கிறது. குப்பியைத் திறந்தது உண்மை. திசுக்களை எடுத்தது உண்மை. தலையில் ஊற்றியதும் உண்மை. ரசாயனம் என்பது மட்டும் பொய். அது பால்பவுடர் கரைசல், கடையில் விற்கிற அதே பால்பவுடர். கெட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

என் வேலை என்னவென்று கேட்டதால் சொல்கிறேன். மருத்துவமனையில் புற்றுநோய்க் கட்டியை அறுத்து எடுத்தவர்களின் திசு, முடியை விட மெல்லிய சீவல்களாகக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி எங்களிடம் வரும். பெயர் இருக்காது, குறியீட்டு எண் மட்டும் இருக்கும். நம் உடம்பில் உள்ள செல்லுக்குக் காலம் முடிந்தால் தானே செத்துப்போக ஓர் ஏற்பாடு உண்டு. செத்துப்போ என்ற உத்தரவை வாங்கிக்கொள்ளும் புரதம் ஒன்று செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது, அதற்கு இறப்பு ஏற்பி என்று பெயர். எங்கள் மருத்துவமனையில் இப்போது சோதித்து வரும் புதிய மருந்து, கட்டியில் உள்ள அந்த ஏற்பியைப் பிடித்து உத்தரவைக் கொடுக்கும். ஏற்பி இருக்கிற கட்டி சாகும். ஏற்பி இல்லாத கட்டிக்கு அந்த மருந்து வெறும் தண்ணீர், ஈரலுக்குத்தான் கேடு. ஆகவே ஏற்பி இருப்பவர்களை மட்டுமே சோதனையில் சேர்ப்பார்கள். இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது என் பிரிவு. அந்த ஏற்பியைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஸ்லைடின் மேல் விடுவோம், அது ஒட்டிய இடம் பழுப்பாக மாறும். பழுப்பு வந்தவர்கள் உள்ளே, வராதவர்கள் வெளியே.

ஆனால் ஆன்டிபாடி என்பது ஒழுக்கமான சாதனம் அல்ல. கண்ட இடத்திலும் ஒட்டும். அதனால் அதன் வாயை அடைத்துப் பார்ப்பதற்கென்று தடுப்பு பெப்டைடு என்று ஒன்று விற்கிறார்கள். இந்த இடத்தில் உதவி ஆய்வாளர், "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா" என்றார். அவருக்கு நான் சொன்னதாவது: உங்கள் மோப்ப நாய் ஒருவனைப் பார்த்துக் குரைக்கிறது. அவன் வாசனைக்குத்தான் குரைக்கிறதா என்று தெரிய வேண்டும். திருடன் விட்டுப்போன சட்டையில் ஒரு துண்டு கிழித்து நாயின் மூக்கில் அடைத்துவிடுங்கள். இனி வெளியே நிற்கும் திருடனின் வாசனை அதற்குத் தெரியாது. நாய் அடங்கிவிட்டால் நல்ல நாய். அப்போதும் அதே ஆளைப் பார்த்துக் குரைத்தால், அவன் பையில் இருக்கும் பிஸ்கட்டுக்குக் குரைக்கிறது. பெப்டைடு என்பது அந்தச் சட்டைத் துண்டு, ஏற்பியின் உடம்பிலிருந்து ஒரு சிறு துண்டைப் பார்த்துச் செய்தது. அதை ஆன்டிபாடியோடு முன்கூட்டியே கலந்துவிட்டால் ஆன்டிபாடியின் பிடிக்கும் இடமெல்லாம் நிரம்பிவிடும். ஒரே கட்டியின் பக்கத்துப் பக்கத்துச் சீவல்கள் இரண்டில், ஒன்றுக்கு வெறும் ஆன்டிபாடியும் மற்றதற்குப் பெப்டைடு கலந்த ஆன்டிபாடியும் விட வேண்டும். முதலாவது பழுப்பாகவும் இரண்டாவது வெளுப்பாகவும் வந்தால் அந்தப் பழுப்பை நம்பலாம். இரண்டும் பழுப்பென்றால் நம்பக் கூடாது. உதவி ஆய்வாளர், எங்கள் நாயும் பிஸ்கட்டுக்குத்தான் குரைக்கும் என்றார். இதை எழுத வேண்டாம் என்றும் சொன்னார். நான் எழுதச் சொன்னேன்.

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பளிச் சார். மற்றவர்களுக்கு மங்கலாகவும் திட்டுத் திட்டாகவும் வருகிற படம் அவருக்கு மட்டும் பளிச்சென்று வரும். இந்த ஆன்டிபாடியைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையின் நடுவே இரண்டு படங்கள் அச்சாகியிருக்கின்றன. இடப்பக்கம் நல்ல பழுப்பு. வலப்பக்கம், பெப்டைடு கலந்தது என்று கீழே எழுதி, துவைத்துப் போட்ட மாதிரி வெளுப்பு. அந்த இரண்டு படங்களை நம்பித்தான் மருந்துச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. நான் அங்கே சேருவதற்கு முன்பே இதெல்லாம் முடிந்திருந்தது. நானும் அந்தப் படங்களைப் பார்த்து அசந்திருக்கிறேன்.

என் கணவரின் தங்கை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். இதை மறைப்பதில் பயனில்லை, எப்படியும் என் மாமியார் இங்கே வந்து சொல்லிவிடுவார். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கூட்டிப்போய், தன் மாணவர்கள் எல்லோரும் நிற்கையில், "அண்ணி, உங்களுக்கு ஸ்லைடுதான் சரிப்படும், ஸ்டியரிங் வேணாம்" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டவள் அவள். அவள் வீட்டு விசேஷங்களில் நான் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுவேன். அவளுக்குக் குடலில் கட்டி வந்து அறுவை செய்தார்கள். மீதியிருந்த நோய்க்கு வழக்கமான மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது ஓரளவு கேட்டுக்கொண்டும் இருந்தது. அதன் பிறகு மருத்துவமனையிலேயே அவளிடம் இந்தப் புதிய மருந்தைப் பற்றிச் சொன்னார்கள், அவளுடைய திசுவும் எங்களிடம் வந்து பழுப்பாக மாறியது, அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பழைய மருந்தை நிறுத்தி உடம்பு சில வாரம் ஓய்ந்திருந்தால்தான் புதியதை ஏற்ற முடியும் என்பது விதி, ஆகவே அவளும் நிறுத்தினாள். வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. மாமியார் என்னைப் பார்த்து முதல்முறையாக, "நீ படிச்சது வீண் போகலை" என்றார்.

அந்த ஓய்வு வாரங்களில் எங்கள் ஆய்வகத்தில் ஆன்டிபாடி தீர்ந்து புதுப் புட்டி வந்தது. புதுப் புட்டி வந்தால் பெப்டைடு வைத்து மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று எங்கள் விதிமுறையில் இருக்கிறது. பெப்டைடு எங்கே என்று கேட்டேன். உறைபெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கும் என்றார்கள். பனிக்கட்டியை ஸ்பூனால் சுரண்டி எடுத்த பிறகு ஒரு குப்பி கிடைத்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே அடியில் வெள்ளைப் பொடி, தூசி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே ரப்பர் அடைப்பு, அதன் மேல் அலுமினிய மூடி. அந்த மூடியைக் கிழித்து எறிந்தால்தான் உள்ளே தண்ணீர் விட முடியும். மூடி கிழியவில்லை. ஊசி குத்திய தடமும் இல்லை. பொடியாக இருக்கும் வரை அது எதற்கும் உதவாது, கரைத்தால்தான் பெப்டைடு.

நான் அப்போதும் தப்பாக நினைக்கவில்லை. பழைய குப்பி தீர்ந்து இது அடுத்தது என்றுதான் எண்ணினேன். பளிச் சாரிடம் கேட்டபோது அவரும் அப்படியே, "அது ரெண்டாவது குப்பி, முதல் குப்பி எப்பவோ காலி" என்றார். அதன் பிறகு ஸ்டோரில் இருப்பவரிடம், முதல் குப்பி எவ்வளவு நாள் தாங்கியது, இன்னொன்று வாங்கிப் போட வேண்டுமா என்று சாதாரணமாகத்தான் விசாரித்தேன். அவர், "எந்த முதல் குப்பி மேடம்? இந்த ஆன்டிபாடி முதல்ல வந்தப்போ இலவசமா ஒரு குப்பி கொடுத்தாங்க. அதோட சரி. அப்புறம் நம்ம வாங்கவே இல்லை" என்றார். கட்டுரையில் அந்த வெளுப்புப் படம் எங்கிருந்து வந்தது என்று எவ்வளவு யோசித்தும் நல்லதாக ஒரு பதில் வரவில்லை.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆய்வகத்துக்குப் போனேன். காவலாளிக்கு என்னைத் தெரியும், நான் பூட்டை உடைக்கவில்லை, என்னிடம் சாவி உண்டு. அலுமினிய மூடியைக் கிழித்தேன், தண்ணீர் விட்டேன், பொடி உடனே கரைந்துவிட்டது. ஆன்டிபாடியோடு கலந்து சில மணி நேரம் விட்டேன். மூன்று வகை ஸ்லைடு எடுத்துக்கொண்டேன். ஏற்பி கட்டாயம் இருக்கும்படி வளர்த்த செல்கள் ஒன்று, பெயர் தெரியாத சில நோயாளிகளின் சீவல்கள் இன்னொன்று, என் நாத்தனாரின் சீவல் மூன்றாவது. அவளுடைய குறியீட்டு எண் அவளுக்குக் கொடுத்த அட்டையில் இருக்கும், அந்த அட்டையை மாமியார் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அனுமதி கேட்கவில்லை. யாரிடம் கேட்பது?

வளர்த்த செல்களில் பழுப்பு முழுக்கப் போய்விட்டது. அதாவது பெப்டைடு நன்றாகத்தான் வேலை செய்கிறது, குப்பி கெட்டுப்போகவில்லை. நோயாளிகளின் சீவல்களில் பெப்டைடு கலந்ததும் பழுப்பு, கலக்காததும் பழுப்பு. நாத்தனாருடைய இரண்டு ஸ்லைடையும் மைக்ராஸ்கோப்பில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எது எது என்று மேலே எழுதியிராவிட்டால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. கட்டியில் இருக்கிற வேறு ஏதோ ஒரு பிசுக்கில் ஆன்டிபாடி சும்மா போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் அதைப் பார்த்து, உள்ளே வா, உள்ளே வா என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்குக் குமட்டியது. குமட்டியது என்று எழுதினால் போதுமா என்று எழுத்தர் கேட்டார். தொட்டியில் வாந்தி எடுத்தேன் என்று எழுதச் சொன்னேன், எடுத்தேன்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். கணவர், மாமியார், நாத்தனார் மூவரும் இருந்தார்கள். மாமியார் நான் முடிக்கும் வரை காத்திருக்கவில்லை. "அவளுக்கு ஒரு நல்லது நடந்தா உனக்கு வயிறு எரியுது. இத்தனை வருஷமா பாக்கறேன்ல" என்றார். கணவர் குரலை உயர்த்தாமல், "பெரிய பெரிய டாக்டருங்க வருஷக்கணக்கா பார்த்தது தப்பு, நீ ஒரு ஞாயித்துக்கிழமையில பார்த்தது சரியா?" என்று கேட்டார். எனக்கு அவர் கத்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது. நாத்தனார் மட்டும் என் பக்கம் திரும்பி, "நீங்க பார்த்தது என்னோடதேதானா அண்ணி?" என்றாள். ஆமாம் என்றேன். "பிரேக் பிடிக்குதான்னு பாக்காமலேயே என்னை வண்டியில ஏத்தியிருக்காங்க. அதானே சொல்றீங்க?" என்றாள். அதேதான் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய் அந்த அட்டையைப் படத்துக்குக் கீழேயிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஸ்லைடுகளைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பளிச் சாரின் அறைக்குப் போனேன். ஆய்வகத்தின் மூலையிலேயே கண்ணாடித் தடுப்பு போட்ட அறை அது. அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கையில் ஆய்வகக் கையுறை. உரித்தால் நகத்தில் வாசனை ஒட்டிக்கொள்ளும் என்று கையுறை போட்டுத்தான் உரிப்பார், அந்தக் கையாலேயே சாப்பிடுவார், சாப்பிட்டுவிட்டு அதே கையோடு மைக்ராஸ்கோப்பைத் தொடுவார். நான் குப்பியைப் பற்றிச் சொன்னேன், ஸ்லைடுகளைக் காட்டினேன். அவர் பதறவே இல்லை. பதறியிருந்தால் நான் இன்று இங்கே இருந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். "இதுல ஒளிவுமறைவு என்ன இருக்கு? பெப்டைடு போட்டா ஆன்டிபாடி அடைபட்டுடும். அடைபட்ட ஆன்டிபாடியும் போடாத ஆன்டிபாடியும் ஒண்ணுதானே. அதனால ரெண்டாவது ஸ்லைடுக்கு ஆன்டிபாடியே போடலை. விடை தெரிஞ்ச கணக்கை எதுக்கு உட்கார்ந்து போடணும்?" என்றார். படம் பளிச்சென்று வந்ததன் ரகசியம் அவ்வளவுதான். சாயமே ஏற்றாத ஸ்லைடைப் படம் எடுத்து, கீழே பெப்டைடு என்று எழுதிவிட்டார். நாய் நல்ல நாயா என்று பார்க்கச் சொன்னால், நாயை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு, பாருங்கள் குரைக்கவில்லை என்று சொல்வது போல. சொல்லும்போது விதைகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துக் காகிதத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

நான், இந்தப் பழுப்பை நம்பி என் நாத்தனார் இருந்த மருந்தையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். அதுவரை அவருக்கு அது தெரியாது. முகத்தில் நிஜமாகவே ஒரு வருத்தம் வந்தது. "அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். அதன் பிறகு, "கவலைப்படாதீங்க. நான் மருத்துவமனையில பேசி அவங்க பேரை மட்டும் எடுத்துடறேன். திசு சரியா வரலைன்னு சொல்லிக்கலாம். பழைய மருந்தையே ஆரம்பிச்சுடட்டும். நம்ம ஆளுன்னா விட்டுடுவோமா?" என்றார். மற்றவர்கள் என்று கேட்டேன். "மத்தவங்களுக்கு எப்படியும் வேற வழி இல்லையே. நம்பிக்கையாவது இருக்கட்டும்" என்று சொல்லி, ஒரு சுளையைப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.

இந்த இடத்தில் உதவி ஆய்வாளர், "கோபத்துல கைக்குக் கிடைச்சதை எடுத்து ஊத்திட்டேன்னு எழுதிக்கலாமா? உங்களுக்கு அது நல்லது" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கோபம் இல்லை. அருவருப்பு. அதற்கு வேறு சொல் போடக் கூடாது. பளிச் சார் முதலில் சொன்ன வாதத்தைக் கூடச் சோம்பேறித்தனம், மமதை என்று எடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் வீட்டு ஆளை உடனே வெளியே எடுக்கிறேன் என்றாரே, அப்போதுதான் இவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு உறைத்தது. தன் தங்கைக்கு ஏற்ற மாட்டார் அந்த மருந்தை. என் நாத்தனாருக்கும் ஏற்ற மாட்டார். முகம் தெரியாதவர்களுக்கு ஏற்றுவார், அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைப்பார், என்னையும் பங்குக்குக் கூப்பிடுவார், ஆரஞ்சு கொடுத்து.

கைக்குக் கிடைத்ததை நான் எடுக்கவில்லை. எழுந்து வெளியே போனேன். மேடையில், வேறொரு சோதனைக்காக மாணவர்கள் வெள்ளிக்கிழமை கரைத்துவிட்டுக் கழுவாமல் போன பால்பவுடர் கரைசல் ஒரு பெரிய கண்ணாடிக் கோப்பை நிறைய இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். வேண்டிய அளவுக்கு நாறியது. அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அவர் தலையில் நிதானமாக ஊற்றினேன். சட்டைக் காலருக்குள் போனது, ஆரஞ்சின் மேலும் போனது. அவர் கையுறைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் சட்டை" என்றார். அதன் பிறகு காவலாளியைக் கூப்பிட்டார்கள், ஸ்லைடுப் பெட்டியையும் கரைத்த குப்பியையும் பிடுங்கிக்கொண்டார்கள், அவை புகாரோடு சேர்ந்து இந்த நிலையத்துக்கு வந்தன.

நேற்று என்னை இங்கே அழைத்தபோது அந்தக் குப்பியைக் காகித உறையில் போட்டு அரக்கு வைத்து, மேசைக்குப் பக்கத்து அலமாரியில், வெயில் படுகிற தட்டில் வைத்திருந்தார்கள். கரைத்த பெப்டைடு குளிரில் இல்லாவிட்டால் கெட்டுவிடும், வேறு யாராவது சோதித்துப் பார்த்தால்தான் என் பேச்சு எடுபடும், இல்லாவிட்டால் நான் பால் ஊற்றிய பைத்தியம் மட்டும்தான் என்று கெஞ்சினேன். கைப்பற்றிய பொருளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க விதி இல்லை என்றார் எழுத்தர். கடைசியில் உதவி ஆய்வாளர் தானே எடுத்துப்போய்த் தண்ணீர்ப் புட்டிகளுக்கு நடுவே வைத்து, வழக்குப் பொருள், யாரும் குடிக்காதீர்கள் என்று எழுதி ஒட்டினார். அதற்கு அவருக்கு நன்றி சொன்னேன். வேறொரு ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுத்து மூலமாகவும் கேட்டிருக்கிறேன், அதை இத்துடன் சேர்த்துக்கொள்ளவும்.

நேற்று மாலை என் கணவர் ஒரு சமரசக் கடிதத்தோடு வந்தார். ஆய்வகத்திலிருந்து கொடுத்து அனுப்பியது. வீட்டுக் கவலையால் மனம் தடுமாறி அப்படி நடந்துகொண்டேன், குப்பியைப் பற்றி நான் சொன்னது தவறு என்று நான் கையெழுத்துப் போட்டால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள், வேலையும் போகாது. நாத்தனாரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகவும் சொன்னார். பளிச் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், அதில் கெட்டிக்காரர். கணவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொன்னதுதான் சரி, ஒத்துக்கறேன். அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க. அதான் நம்ம ஆளு வெளியே வந்தாச்சே, அப்புறம் என்ன? மத்ததெல்லாம் ஊர் வம்பு" என்றார். நல்ல மனிதர், தப்பாகச் சொல்லக் கூடாது. ஆனால் அவர் வாயிலும் அந்த வார்த்தை வந்தபோது அவர் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. தள்ளி உட்கார்ந்தேன். இதை அவர் படித்தாலும் சரி.

இன்று காலை நாத்தனாருக்கு முதல் மருந்து ஏற்ற வேண்டிய நாள். பெயரை எடுத்துவிட்ட பிறகும் அவள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். மருந்து ஏற்றும் அறையில் ஏழெட்டுப் பேர் சாய்வு நாற்காலியில் கையில் குழாயோடு உட்கார்ந்திருந்தார்களாம். அவள் நடுவில் நின்று தன் அட்டையைத் தூக்கிக் காட்டி, தன்னுடைய சோதனை தப்பு என்றும், எல்லோருடைய சோதனையும் அதே ஆன்டிபாடியால் செய்ததுதான் என்றும், சரிபார்க்கிற குப்பியின் மூடியைக் கூட யாரும் திறக்கவில்லை என்றும், குழாயை நிறுத்தச் சொல்லிக் கேள்வி கேளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். மாணவர்களைத் திட்டித் திட்டி அவளுக்கு நல்ல குரல், கேட்காமல் இருந்திருக்காது. நர்ஸ் ஓடி வந்தார். காவலாளி வந்து அவளைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். மருந்து ஏற்றுவதற்காகக் குழாய் பதித்துத் தையல் போட்ட பக்கம் அது.

அங்கிருந்து நேராக இங்கே வந்தாள். நான் இந்த வாக்குமூலத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வந்ததால் உதவி ஆய்வாளர் அவளையும் உள்ளே உட்கார வைத்தார். மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்த பிறகு என்னிடம் சொன்னதை அவள் சம்மதத்தோடு இதில் எழுதச் சொல்கிறேன். "ஒருத்தர் கூட எழுந்திருக்கலை அண்ணி. ஒரு அம்மா, மடியில பை வெச்சிட்டு உட்கார்ந்திருந்தாங்க, உனக்கு இடம் இல்லைன்னு ஆனதும் எங்க வாயில மண்ணைப் போட வந்தியான்னு கேட்டாங்க. ஒருத்தர் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டாரு" என்றாள். அவள் கையிலிருந்த அட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. நீங்க எங்க வீட்டுக்கு வாழ வராம இருந்து, வேற யாரோ ஒருத்தி வந்து இதைச் சொல்லியிருந்தா, நானும் சத்தத்தைக் கூட்டி வெச்சிட்டு உட்கார்ந்திருப்பேன்" என்றாள்.

சமரசத்துக்குச் சம்மதமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். சம்மதம் இல்லை. அடுத்த முறை மருந்து ஏற்றுவதற்குள் யாராவது அந்தக் குப்பியை எடுத்துப்போய் இரண்டே இரண்டு ஸ்லைடு போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

எழுத்தர் இதை முழுக்கப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, பூசி மெழுகவில்லை, என் அறிவுக்கு எட்டிய வரை ஒரு வரியும் பொய்யில்லை. சமரசக் கடிதத்தில் போட மறுத்த கையெழுத்தை இந்தத் தாளில் போடுகிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்

படித்துக் காட்டிய பின் என் முன்னிலையில் கையெழுத்திட்டார்.
(ஒப்பம்)
உதவி ஆய்வாளர்